நார்விச் பல்கலைக்கழகம் தன் இராணுவக் கல்லூரி வரலாற்றைத் தானே ஏன் பாதுகாக்கிறது?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், நார்த்ஃபீல்ட் என்ற சிற்றூரில் இருக்கும் நார்விச் பல்கலைக்கழகம், தன்னுடைய இராணுவக் கல்லூரி வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை நடத்துகிறது. அந்நாட்டு அரசுக்கும் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பெரிய அருங்காட்சியகங்கள் பல இருக்கும்போது, ஒரு பல்கலைக்கழகம் தனியாக இதைச் செய்ய வேண்டிய தேவை என்ன, அங்கே உண்மையில் பாதுகாக்கப்படுவது எது என்பது கேள்வி.

படையின் அருங்காட்சியகங்கள் போரைச் சேகரிக்கின்றன. எந்தப் படைப்பிரிவு எங்கே போரிட்டது, என்ன ஆயுதம் ஏந்தியது, யார் தலைமை தாங்கினார் என்பவை அவற்றின் அக்கறை. ஓர் இளைஞர் அதிகாரியாவதற்கு முன் என்ன படித்தார், எப்படிப்பட்ட அறையில் தங்கினார், வீட்டுக்கு என்ன எழுதினார், படித்து முடித்த பிறகு படைக்கே போகாமல் பாலம் கட்டவோ இருப்புப்பாதை போடவோ சென்றவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. நார்விச்சின் வரலாறு பெரும்பாலும் இந்த விடுபட்ட பகுதியில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல அந்தக் கல்லூரியின் தொடர்ச்சியாக நிற்கும் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை அந்தக் கல்லூரி பிறந்த கதையிலிருந்தே சொல்ல வேண்டும்.

இதை நிறுவியவர் ஆல்டன் பார்ட்ரிட்ஜ். 1785-இல் வெர்மான்டின் நார்விச் என்ற ஊரில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் சிறிது காலம் படித்துவிட்டு, அமெரிக்கத் தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கூடத்தில் சேர்ந்து 1806-இல் பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரியானார். பிறகு அங்கேயே கணிதமும் பொறியியலும் கற்பித்து, 1815 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். வெஸ்ட் பாயின்ட் மாணவர்கள் இன்றும் அணியும் சாம்பல் நிறச் சீருடை 1816-இல், அவருடைய காலத்தில்தான் முறைப்படி ஏற்கப்பட்டது. ஆனால் சக ஆசிரியர்களோடு அவருக்கு ஓயாத பூசல் இருந்தது. 1817-இல் அதிபர் மன்றோவின் அரசு அவரை நீக்கிவிட்டு சில்வேனஸ் தேயரை நியமித்தது. விடுப்பில் சென்றிருந்த பார்ட்ரிட்ஜ் ஆகஸ்ட் இறுதியில் திரும்பி வந்து, பொறுப்பைத் தன்னிச்சையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இதற்காக இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பும் பெற்றார். பதவிநீக்கத் தண்டனையை அதிபர் தளர்த்தியதால் 1818-இல் அவராகவே பதவி விலகினார்.

வெஸ்ட் பாயின்ட்டின் வரலாற்றில் தேயருக்குத் தந்தையின் இடம் உண்டு. பார்ட்ரிட்ஜ் அங்கே ஒரு சங்கடமான முன்னுரை மட்டுமே. அதே மனிதர் மறு ஆண்டே, அதாவது 1819-இல், தன் சொந்த ஊரில் அமெரிக்க இலக்கிய, அறிவியல், இராணுவக் கல்விக்கூடம் என்ற நீண்ட பெயரோடு ஒரு தனியார் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு நிறுவனங்களின் நினைவில் ஒரே மனிதர் இப்படி இரண்டு வேறு உருவங்களில் நிற்கும்போது, ஒரு தரப்பு மட்டுமே ஆவணங்களைப் பேணியிருந்தால் மறுதரப்பு காலப்போக்கில் காணாமலே போயிருக்கும். பார்ட்ரிட்ஜின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் இன்று நார்விச் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் இருப்பதால்தான், அவரை வெறும் கீழ்ப்படியாத அதிகாரியாக மட்டும் பார்க்காமல், ஒரு கல்விச் சிந்தனையாளராகவும் எடைபோட முடிகிறது.

அவருடைய சிந்தனையின் மையம் இது: ஒரு குடியரசில் படைவீரர்கள் தனிச் சாதியாக ஆகிவிடக் கூடாது. நிரந்தரமான பெரும் படையும், அதற்கு அதிகாரிகளை உருவாக்கும் ஒரே அரசுக் கல்விக்கூடமும் மக்களாட்சிக்கு ஆபத்தானவை என்று அவர் நம்பினார். வெஸ்ட் பாயின்ட்டை மூடிவிட வேண்டும் என்றுகூடப் பின்னாளில் கடுமையாக எழுதினார். அவர் முன்வைத்த மாற்று, படித்த குடிமக்கள் எல்லாருக்கும் இராணுவ அறிவைப் பரப்புவது. பழைய செம்மொழிகளைச் சுற்றியே நின்ற அன்றைய கல்லூரிப் படிப்பை அவர் குறைகூறினார். தன் பாடத்திட்டத்தில் கட்டடப் பொறியியல், வேளாண்மை, நவீன மொழிகள், அரசமைப்புச் சட்டம் ஆகியவற்றைச் சேர்த்தார். வகுப்பறைப் பாடத்தோடு களப்பயிற்சியையும் கட்டாயமாக்கினார். மாணவர்களை நெடுந்தொலைவு நடத்திச் செல்வதும், மலையேறிக் காற்றழுத்தமானியைக் கொண்டு உயரம் கணிப்பதும் அவருக்கு வகுப்பின் பகுதிகளே. 1826 டிசம்பரில் அவருடைய மாணவர் படை கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனிலிருந்து வாஷிங்டன் வரை சென்ற பயணத்தின் நாட்குறிப்பு அச்சாகவும் வெளிவந்தது.

மிடில்டவுனை இங்கே குறிப்பிட வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கல்லூரி ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. 1825-இல் நார்விச்சிலிருந்து மிடில்டவுனுக்குச் சென்றது. பட்டம் வழங்கும் உரிமைப் பட்டயத்தை கனெக்டிகட் சட்டமன்றம் தர மறுத்ததால், 1829-இல் மீண்டும் வெர்மான்டுக்கே திரும்பியது. அது விட்டுச்சென்ற கட்டடங்களில்தான் 1831-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வெர்மான்ட் சட்டமன்றம் 1834-இல் பட்டயம் வழங்கியபோது நார்விச் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. 1866 மார்ச்சில் தெற்குப் பாசறைக் கட்டடம் தீயில் அழிந்தது. அதே ஆண்டில் நார்த்ஃபீல்ட் ஊரார் இடமும் ஆதரவும் அளிக்க முன்வந்ததால் பல்கலைக்கழகம் அங்கே பெயர்ந்தது. பெயரில் மட்டும் பழைய ஊர் தங்கிவிட்டது. இன்று நார்விச் ஊரில் நார்விச் பல்கலைக்கழகம் இல்லை.

புதிய இடத்திலும் துன்பம் தீரவில்லை. 1880-இல் லூயிஸ் கல்லூரி என்று பெயர் மாறி, 1884-இல் பழைய பெயர் திரும்பியது. இடையில் 1881-இல் மாணவர் தொகை ஏறக்குறைய ஒரு டஜனாகச் சுருங்கியது. 1898-இல்தான் மாநில அரசு அதை வெர்மான்ட் மாநிலத்தின் இராணுவக் கல்லூரி என்று அறிவித்தது.

இத்தனை இடமாற்றங்களையும் ஒரு தீயையும் வறுமையையும் கடந்து வந்த நிறுவனத்துக்கு, தொடர்ச்சியாக ஒரே கட்டடத்தில் சேர்ந்துகொண்டே வந்த பொருட்குவை இருக்க வழியில்லை. ஆகவே இதுபோன்ற கல்லூரிகளின் தொடக்ககாலத்தைச் சொல்லும் பொருள்கள் பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியிலிருந்தே திரும்பி வருகின்றன. மாணவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் வீட்டில்தான் இருக்கும். அவர் அணிந்த மேற்சட்டை பேரப்பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும். பாடக்குறிப்பேடு எங்கோ ஒரு பழம்பொருள் கடையில் இருக்கும். குடும்பங்கள் இவற்றை நம்பி ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். நார்விச்சில் அந்த இடம் 2007-இல் சல்லிவன் அருங்காட்சியகம், வரலாற்று மையம் என்ற பெயரில் தனிக் கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1959-இல் நார்விச்சில் பட்டம்பெற்று, 1991 முதல் 1995 வரை அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் கார்டன் சல்லிவனின் பெயரை அது தாங்குகிறது. அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு இணைவு பெற்ற அருங்காட்சியகமாகவும் அது இருக்கிறது. இந்த இணைவால் பெரிய தேசியத் தொகுப்பிலிருந்து பொருள்களை இரவல் பெற்றுக் காட்டும் வாய்ப்பு ஒரு சிற்றூருக்குக் கிடைக்கிறது. அதற்கு ஈடாகப் பாதுகாப்பும் தட்பவெப்பக் கட்டுப்பாடும் உரிய தரத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர்களைப் பார்த்தால், எதைச் சேகரிப்பது என்ற கேள்வி எவ்வளவு விரிந்தது என்பது புரியும். ட்ரூமன் ரான்சம் பார்ட்ரிட்ஜிடம் படித்து, பின் பல்கலைக்கழகத் தலைவரானார். மெக்சிகோவுடனான போரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1847 செப்டம்பர் 13 அன்று சப்பூல்டெபெக் கோட்டைத் தாக்குதலில் உயிரிழந்தார். கிடியன் வெல்ஸ் போர்வீரரே அல்லர். பத்திரிகையாளராக வாழ்ந்து, உள்நாட்டுப் போரின்போது லிங்கனின் கடற்படைச் செயலரானார். ஜார்ஜ் டூயி 1852 முதல் 1854 வரை இங்கே படித்துவிட்டுக் கடற்படைக் கல்விக்கூடத்துக்குச் சென்றவர். 1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையைத் தோற்கடித்தார். கிரென்வில் டாட்ஜ் 1851-இல் இங்கே பொறியியல் முடித்தார். உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தார். அதன் பின் யூனியன் பசிபிக் இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளரானார். 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கும் மேற்கும் தண்டவாளத்தால் இணைந்தபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நிழற்படத்தின் நடுவில் கைகுலுக்கும் இருவரில் ஒருவர் அவர்தான். 1920-இல் பட்டம்பெற்ற ஹெரால்ட் மார்ட்டின் இங்கிருந்து பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின விமானிகளின் பயிற்சியில் பணியாற்றினார்.

தரைப்படை அருங்காட்சியகம் ஒன்று ரான்சமை எடுத்துக்கொள்ளும். கடற்படை அருங்காட்சியகம் டூயியையும் வெல்ஸையும் எடுத்துக்கொள்ளும். இருப்புப்பாதை அருங்காட்சியகம் டாட்ஜை எடுத்துக்கொள்ளும். ஒரே வகுப்பறை மரபிலிருந்து இவர்கள் அனைவரும் வந்தார்கள் என்பதைக் காட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. 1841-இல் பார்ட்ரிட்ஜ், பொது நிலங்களின் விற்பனை வருவாயைக் கொண்டு மாநிலங்கள்தோறும் பயன்முறைக் கல்வியும் இராணுவக் கல்வியும் தரும் நிறுவனங்களை ஏற்படுத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார். அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1862-இல், வெர்மான்டைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜஸ்டின் மாரில் கொண்டுவந்த நிலக்கொடைக் கல்லூரிச் சட்டம் வேளாண்மை, தொழில்நுட்பம் ஆகியவற்றோடு இராணுவப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. 1916-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழக மாணவர்களை ரிசர்வ் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தை உருவாக்கியது. நார்விச் தன்னை அத்திட்டத்தின் பிறப்பிடமாகக் கருதுவது இந்த நெடிய தொடர்பினால்தான். மாரில் நேரடியாகப் பார்ட்ரிட்ஜின் விண்ணப்பத்திலிருந்தே எடுத்தார் என்று சொல்லிவிடுவது அவசரமாகும். ஆனால் இருவரின் எண்ணமும் ஒரே திசையில் சென்றது. மாரிலின் சொந்த ஊரான ஸ்ட்ராஃபர்டும் நார்விச்சுக்கு அருகில்தான் இருக்கிறது. இத்தகைய உறவுகளை ஆராய, மூல ஆவணங்கள் ஒரே இடத்தில் ஒழுங்காக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வர்ஜீனியா இராணுவக் கல்விக்கழகம் உதவும். லெக்சிங்டனில் உள்ள அதன் அருங்காட்சியகம் 1856-லேயே தொடங்கியது. அங்கே நினைவின் மையமாக ஒரே நாள் இருக்கிறது: 1864 மே 15, நியூ மார்க்கெட் போர். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புப் படையின் பக்கம் 257 மாணவர்கள் களத்தில் இறக்கப்பட்டு, பத்துப் பேர் இறந்தனர். அடுத்த மாதமே வடக்குப் படைகள் கல்லூரியை எரித்தன. கூட்டமைப்புப் படையின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் முன்பு அங்கே ஆசிரியராக இருந்தவர் என்பதால், அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த மழைக்கோட்டும் அவருடைய குதிரையின் பாடம் செய்யப்பட்ட உடலும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய பொருள்களுக்கு வலிமை மிகுதி. அந்த வலிமையே சிக்கலும் ஆகும். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் வீரத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்வி அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து, 2020 டிசம்பரில் ஜாக்சனின் சிலை வளாகத்திலிருந்து அகற்றப்பட்டதில் வந்து நின்றது. நார்விச்சுக்கு அப்படியொரு நாள் கிடையாது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் வெர்மான்டின் தொண்டர் படைகளுக்கு அணிவகுப்புக் கற்பிக்க அதன் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். வயலிலிருந்து வந்தவனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த இருபது வயது இளைஞனின் வேலை ஓவியமாகவோ சிலையாகவோ ஆவதில்லை. ஆனால் பார்ட்ரிட்ஜின் கொள்கை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. அதை ஒரு பயிற்சிக் கையேட்டையும் சில கடிதங்களையும் வைத்துத்தான் காட்ட முடியும். அதற்குப் பொறுமையான விளக்கம் தேவை, பொறுமையான பார்வையாளரும் தேவை.

பாதுகாக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியில் தெரியாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான பணி அது. இராணுவக் கல்லூரியின் தொகுப்பில் மிகுதியாக இருப்பது கம்பளிச் சீருடை. கம்பளியைத் துணிப்பூச்சியின் புழு தின்னும். ஆகவே புதிதாக வரும் எந்த ஆடையையும் தனியாக வைத்துச் சோதித்து, தேவையானால் காற்றுப்புகாமல் பொதிந்து, உறைநிலைக்குக் கீழ் 20 பாகை அல்லது அதற்கும் குறைந்த குளிரில் பல நாள் வைத்த பிறகே சேமிப்பறைக்குள் விடுவார்கள். பித்தளைப் பொத்தான்களில் படியும் பச்சைக் களிம்பு துணியைக் கறைப்படுத்தும் என்பதால் பொத்தானுக்கும் துணிக்கும் இடையே தடுப்பு வைக்க வேண்டும். அந்தக் களிம்பைப் பளபளவென்று தேய்த்து எடுத்துவிடுவது பெருந்தவறு. பொத்தானின் பின்புறத்தில் உள்ள தயாரிப்பாளர் முத்திரைதான் பல சமயம் ஆடையின் காலத்தைச் சொல்லும் ஒரே சான்று. பட்டுக் கொடிகள் இன்னும் மோசம். தொங்கவிட்டால் தம் எடையாலேயே கிழியும், வெளிச்சத்தில் நூல் நொறுங்கும். துணிக்கும் காகிதத்துக்கும் பொதுவாக ஏற்கப்பட்ட ஒளி அளவு 50 லக்ஸ் அளவிலேயே நிற்கிறது. அருங்காட்சியக அறைகள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பார்வையாளர்கள் அடிக்கடி குறைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

19-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் பெரும்பாலும் இரும்புச்சத்துள்ள மை இருக்கும். அது காகிதத்தை மெல்ல அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டையை உண்டாக்கும். பழைய துப்பாக்கிகளை எடுக்கும் முன் குழலுக்குள் கோலை விட்டு, உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் விதி. நூற்றைம்பது ஆண்டுகளாக நிரப்பியபடியே கிடந்த துப்பாக்கிகள் பல இடங்களில் கண்டெடுக்கப்பட்டதுண்டு. வெர்மான்டில் குளிர்காலம் நீளம். கட்டடத்தைச் சூடாக்கும்போது உள்ளிருக்கும் காற்று வறண்டு, மரமும் தோலும் வெடிக்கும்; கோடையில் ஈரப்பதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஆண்டு முழுவதும் ஈரப்பதத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைப்பதற்கான இயந்திரங்களும் மின்செலவும் இத்தகைய கட்டடத்துக்குப் பெரும் சுமை. அதைத் தாங்குவதற்கு ஒரு நிறுவனத்தின் நிலையான ஆதரவு வேண்டும். தனிமனித ஆர்வம் போதாது.

பொருளோடு வரும் குடும்பக் கதையைச் சரிபார்ப்பது மற்றொரு வேலை. கொள்ளுத்தாத்தாவின் வாள் இன்ன போரில் இருந்தது என்று குடும்பம் உறுதியாக நம்பும். வாளில் பொறித்த பெயரையும் ஆண்டையும் மாணவர் பதிவேட்டோடு ஒப்பிட்டால் சில சமயம் கதை நிற்கும். சில சமயம் வாள் அந்தப் போருக்குப் பிறகு செய்யப்பட்டது என்று தெரியவரும். நார்விச்சுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. 1911-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அதன் வரலாற்று நூல், தொடக்கம் முதல் அதுவரை படித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டித் தந்திருக்கிறது. அதில் புகழ்மொழி மிகுதி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், முதல் ஒப்பீட்டுக்கு அதைப் போன்ற துணை பல கல்லூரிகளுக்குக் கிடையாது.

பல்கலைக்கழகமே நடத்தும் அருங்காட்சியகம் தன் நிறுவனத்தைப் புகழ்வதற்கு மட்டுமே பயன்படாதா என்ற ஐயம் நியாயமானது. நன்கொடை தருபவர்கள் முன்னாள் மாணவர்கள். அவர்களுடைய இளமை நினைவைக் கலைக்க எந்த நிர்வாகமும் தயங்கும். இதற்கு நான் வைக்கும் உரைகல், தர்மசங்கடமான ஆவணங்கள் ஆய்வாளருக்குத் திறந்திருக்கின்றனவா என்பதே. நிறுவனரின் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பு, 1840-களில் தான் நிறுவிய பல்கலைக்கழகத்தோடே அவர் கொண்ட பிணக்கு, 1881-இன் ஏறத்தாழ வெறுமையான வளாகம், கறுப்பின மாணவர் ஒருவர் பட்டம் பெற ஒரு நூற்றாண்டு ஆனது என்ற உண்மை ஆகியவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் எந்தக் காட்சிக்குறிப்பும் நார்விச்சின் வரலாறாகாது. ஆவணக்காப்பகம் பார்ட்ரிட்ஜின் தாள்களைப் பொதுமக்கள் இணையத்தில் படிக்கும்படி மின்னுருவாக்கி வெளியிட்டிருப்பதை இந்த வகையில் மிக முக்கியமான செயலாகக் கருதுகிறேன். காட்சிப்பேழையில் என்ன எழுதியிருந்தாலும், அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் முடிகிறது.

இன்று அங்கே சீருடை அணிந்த கேடட்களும் அணியாத பொது மாணவர்களும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். 1972-இல் மான்ட்பீலியரின் வெர்மான்ட் கல்லூரியோடு இணைந்ததும், 1974-இல் பெண்களை மாணவர் படையில் சேர்த்துக்கொண்டதும் அண்மை வரலாற்றின் பெரிய திருப்பங்கள். நடுவண் அரசின் இராணுவக் கல்விக்கூடங்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1976-இல். வர்ஜீனியா கல்விக்கழகம் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திறந்தது. நார்விச்சில் முதல் ஆண்டுகளில் சேர்ந்த பெண்கள் இப்போது ஓய்வுபெறும் வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சீருடைகளும் படங்களும் கடிதங்களும் இன்னும் வீடுகளில்தான் இருக்கும். அவர்களுடைய சொற்களை ஒலிப்பதிவாகப் பெற இன்னும் காலம் இருக்கிறது. 1820-களின் மாணவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் விட்டுச்சென்ற தாள்களின் அளவே. இவர்களிடம் நேரில் கேட்கலாம் என்பதால், எந்த வாளையும் கொடியையும் விட இந்த வாய்மொழிச் சேகரிப்பே இப்போது முதலில் செய்யப்பட வேண்டிய பணி.